சின்ன ஆஸ்பத்திரில கம்ப்ளையன்ஸ் சிஸ்டமும் கோட் ஆஃப் கான்டக்டும் கொண்டு வர்றது எப்படி: எந்த வேலை முதல்ல, எது கடைசில

கம்ப்ளையன்ஸ்னா ஆஸ்பத்திரி சட்டத்தையும் விதிகளையும் மீறாம பாத்துக்கறது, கோட் ஆஃப் கான்டக்ட்னா ஸ்டாஃபுக்கான நடத்தை விதி. இது தமிழ்நாட்டுல 50ல இருந்து 150 பெட் வரைக்கும் இருக்கற தனியார் ஆஸ்பத்திரிகளுக்காக எழுதறது. பெரிய குரூப்ல லீகல் டீமே தனியா இருக்கும், அவங்க பாத்துக்குவாங்க. நம்ம மாதிரி இடத்துல என்ன நடக்கும்னா, என்ஏபிஹெச் (ஆஸ்பத்திரிகளுக்கு தர அங்கீகாரம் குடுக்கற அமைப்பு) ஆடிட் வருதுன்னு தெரிஞ்சதும் குவாலிட்டில புதுசா சேர்ந்த யாரையாவது கூப்பிட்டு "ஒரு கோட் ஆஃப் கான்டக்ட் ரெடி பண்ணிடுங்க"ன்னு சொல்லுவாங்க, அவங்க நெட்ல இருந்து நாற்பது பக்கம் இறக்கி ஆஸ்பத்திரி பேரை மட்டும் மாத்தி ஸ்பைரல் பைண்டிங் போட்டு அலமாரில வெச்சிருவாங்க.

நானும் முதல் வேலைல அதைத்தான் செஞ்சேன். அதுல ஒரு பக்கத்துல அமெரிக்காவோட மெடிகேர் பில்லிங் பத்தி ஒரு பாரா அப்படியே கெடந்துச்சு, ஆடிட்டர் அதுல விரல் வெச்சு "இது எந்த ஊரு ஆஸ்பத்திரிம்மா?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் மூணு நாலு இடத்துல இதே வேலைய செஞ்சு, செய்யறவங்க எங்க தடுக்கி விழறாங்கன்னு பாத்ததுல ஒண்ணு தெளிவாச்சு. கோட் எழுதறது அஞ்சாவது வேலை, முதல் வேலை இல்ல.

0. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

எம்டி (மேனேஜிங் டைரக்டர்) கையெழுத்து போட்ட ஒரு பக்க ஆர்டர். "இவர் எந்த டிபார்ட்மென்ட் ரெஜிஸ்டரையும் கேட்டுப் பார்க்கலாம், மறைக்கக் கூடாது"ன்னு ஒரே வரி இருந்தாலும் போதும். வாயால சொன்னது ரெண்டாவது நாளே செல்லாது, ஃபார்மசி இன்சார்ஜ் "சார் எங்கிட்ட எதுவும் சொல்லலியே"ம்பாரு, நீங்க கவுன்டருக்கு வெளியவே நிப்பீங்க.

அப்புறம் ஸ்டாஃப் லிஸ்ட். சம்பள ரோல்ல இருக்கறவங்க மட்டும் இல்ல, விசிட்டிங் கன்சல்டன்ட், கான்ட்ராக்ட்ல வர்ற ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லாரும் அதுல வரணும். நான் பாத்த பிரச்சனைகள்ல பாதிக்கு மேல ரோல்ல இல்லாத ஆளுங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு.

1. பொறுப்பாளரைப் போடறது

அக்கவுன்ட்ஸ் ஹெட்டைப் போடாதீங்க, பர்ச்சேஸ் மேனேஜரைப் போடாதீங்க, மார்க்கெட்டிங் பக்கமே போகாதீங்க. அவங்க மோசமானவங்கங்கறதுக்காக இல்ல, நாளைக்கு நீங்க பாக்கப் போற பணமெல்லாம் அவங்க மேசை வழியாத்தான் போகுது. ஹெச்ஆர் ஆளும் எனக்கு அவ்வளவா சரிப்படல, ஏன்னா புகார் குடுக்க வர்றவங்க முதல்ல நெனைக்கறது "இவங்கதானே இன்கிரிமென்ட் போடறவங்க"ன்னு.

சீனியர் நர்ஸ் ஒருத்தர், இல்லைன்னா மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல பல வருஷமா இருக்கறவர் நல்லா செய்வாங்க, அவங்களுக்கு கேஸ் ஷீட் படிக்கத் தெரியும். அவர் நேரா எம்டிகிட்ட போகணும், நடுவுல மேனேஜர் இருக்கக் கூடாது. அது மட்டும் இல்லாம எம்டி மேலயே புகார் வந்தா யார்கிட்ட போறதுன்னு இப்பவே எழுதி வெச்சுக்கோங்க, வேற ஒரு டைரக்டரோ டிரஸ்டியோ. புகார் வந்த பிறகு அதை முடிவு பண்ண முடியாது.

2. லைசென்ஸ் ஷீட்

நடத்தை விதி பத்தி பேசறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி சட்டப்படி நடக்குதான்னு பாத்துரணும். ஒரு எக்செல் ஷீட், நாலு காலம்: என்ன அனுமதி, எப்ப முடியுது, யார் புதுப்பிக்கணும், ஒரிஜினல் எங்க இருக்கு. கடைசி காலம்தான் முக்கியம். பழைய மேனேஜர் வீட்டு பீரோல இருந்து ஃபயர் என்ஓசி எடுத்துட்டு வந்த கதையெல்லாம் இருக்கு.

தமிழ்நாடு கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட்ஸ் சட்டம் 1997, அதோட 2018 விதிகள் படி ஜேடி (சுகாதாரத் துறை இணை இயக்குநர்) ஆபீஸ்ல வாங்கின ரெஜிஸ்ட்ரேஷன்தான் முதல் வரிசை. அடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, ஸ்கேனுக்கு பிசிபிஎன்டிடி (கருவோட பாலினம் கண்டறியறதைத் தடுக்கற சட்டம்) ரெஜிஸ்ட்ரேஷன், எக்ஸ்ரே சிடிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஃபார்மசி லைசென்ஸ், லிஃப்ட், கேன்டீன் இருந்தா உணவு பாதுகாப்பு.

பிசிபிஎன்டிடி ரெஜிஸ்ட்ரேஷன் 5 வருஷம் செல்லும், முடியறதுக்கு 30 நாள் முன்னாடி புதுப்பிக்க விண்ணப்பிக்கணும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாம விட்டுடறது என்னன்னா, ஸ்கேன் பாக்கற டாக்டர் மாறினாலோ மெஷின் மாறினாலோ ரூம் மாறினாலோ அதையும் 30 நாளுக்கு முன்னாடியே தெரிவிக்கணும். புது மெஷின் வந்து இறங்கி டெமோ முடிஞ்சு பேஷன்ட் பாக்க ஆரம்பிச்ச பிறகு லெட்டர் அடிக்கறவங்களைப் பாத்திருக்கேன். லெட்டர்ல தேதி இருக்கும், இன்வாய்ஸ்லயும் தேதி இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வெச்சா முடிஞ்சது.

3. ஒரு வாரம் ஆஸ்பத்திரிய சுத்தறது

இந்த வழிகாட்டில ஒரு ஸ்டெப் மட்டும்தான் செய்ய முடியும்னா இதைச் செய்யுங்க. கைல நோட்டு, கேள்வி ரெண்டே ரெண்டு. இங்க பணம் எங்க கை மாறுது? இங்க யார் எதுல கையெழுத்து போடறாங்க?

பகல் ஷிஃப்ட் மட்டும் பாத்தீங்கன்னா ஒண்ணும் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவால்டில உக்காருங்க. ஆம்புலன்ஸ் வருது, பேஷன்டை இறக்கறாங்க, டிரைவர் உடனே போகாம பிஆர்ஓவை (மக்கள் தொடர்பு ஆளை) தேடறாரு. எதுக்குன்னு கேளுங்க. பேஷன்ட் அனுப்பினதுக்கு கமிஷன். "எல்லா ஆஸ்பத்திரிலயும் குடுக்கறாங்க"ம்பாங்க, எழுதிக்கோங்க, வாதம் பண்ணாதீங்க. 2002ல வந்த மருத்துவ நடத்தை விதிகள்ல பேஷன்டை அனுப்பறதுக்கு கமிஷன் குடுக்கறதும் வாங்கறதும் தப்புன்னு தெளிவா இருக்கு, ஆனா அந்த விதிகள் கட்டுப்படுத்தறது டாக்டரை. உங்க பிஆர்ஓவையும் பில்லிங் ஸ்டாஃபையும் கட்டுப்படுத்த உங்க கோட் மட்டும்தான் இருக்கு. 2023ல வந்த புது விதிகள்னு யாராவது காமிச்சா, அது அதே மாசமே நிறுத்தி வைக்கப்பட்டதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, அதைப் பாத்து எழுதிடாதீங்க.

ஸ்கேன் ரூமுக்குப் போங்க. ஃபார்ம் எஃப், அதாவது பிசிபிஎன்டிடி சட்டப்படி கர்ப்பிணி ஸ்கேன் ஒவ்வொண்ணுக்கும் நிரப்பற ஃபார்ம், அந்தக் கட்டை எடுத்துப் புரட்டுங்க. ஒரு நாளோட பதினெட்டு ஃபார்மும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம்னு இருந்தா அது சாயங்காலம் உக்காந்து மொத்தமா எழுதினது. ஒரு இடத்துல பேஷன்ட் கையெழுத்து போட வேண்டிய இடம் ஆறு ஃபார்ம்ல காலியா இருந்துச்சு, ஸ்கேன் ரூம்ல வேலை செய்யற பொண்ணு "நாளைக்கு ரிவியூ வருவாங்க மேடம், அப்ப வாங்கிக்கலாம்"னு சாதாரணமா சொல்லுச்சு. இந்தச் சட்டத்துல ரெக்கார்ட்ல இருக்கற குறையே குற்றமா எடுத்துக்கப்படும், அப்படி இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது ஸ்கேன் பண்ணினவர். இதை எதிர்த்துப் போன வழக்குல 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவு சரின்னு சொல்லிடுச்சு. "கிளெரிக்கல் மிஸ்டேக்"ங்கற வார்த்தைய மறந்துடுங்க.

அப்புறம் கழிவு அறை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எல்லாம் கலர் சரியாத்தான் இருக்கும், ஏன்னா எல்லா ஆடிட்டரும் அதைத்தான் பாப்பாங்க. நீங்க எடை ரெஜிஸ்டரைப் பாருங்க. தினமும் மஞ்சள் 6.5 கிலோ, சிவப்பு 4 கிலோன்னு ஒரு மாசம் பூரா ஒரே மாதிரி இருந்தா யாரும் எடை போடறதில்லைன்னு அர்த்தம், ஞாயித்துக்கிழமை ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) இல்லாத நாள்லயும் அதே எடை எப்படி வரும்? பார்கோட் மெஷினுக்கு பேட்டரி இருக்கா, கழிவு வண்டி கடைசியா எப்ப வந்துச்சுன்னும் கேளுங்க. சுத்திகரிக்காத கழிவு 48 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, பொங்கல் தீபாவளி லீவுல இது கண்டிப்பா மீறும்.

வார்டுல பேஷன்ட் சொந்தக்காரங்ககிட்ட பேசுங்க, ஆனா டிஸ்சார்ஜ் ஆகி பில் கட்டின பிறகு. அதுக்கு முன்னாடி யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. குழந்தை பொறந்ததுக்கு ஆயாம்மாவுக்கு எவ்வளவு, ஸ்ட்ரெச்சர் தள்ளினதுக்கு எவ்வளவு, இறந்தவர் உடலைக் குடுக்கறப்ப எவ்வளவு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரின்னா, அந்த அட்டைல வந்தவங்ககிட்ட கவர் ஆகற சிகிச்சைக்கு தனியா ஏதாவது வாங்கினாங்களான்னு குறிப்பா கேளுங்க. அந்தப் பணத்துக்கு ரசீது இருக்காது, மேனேஜருக்கே தெரியாமலும் இருக்கலாம், ஆனா எம்பேனல்மென்ட் (திட்டத்துல சேர்ந்திருக்கற அனுமதி) போகும்போது போறது ஆஸ்பத்திரியோடது.

கேஸ் ஷீட் அட்டையையும் கவனிங்க. ஹெச்ஐவி பேஷன்ட்னா மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டறது இன்னும் பல இடத்துல நடக்குது, "ஸ்டாஃப் சேஃப்டிக்கு"ம்பாங்க. 2017 ஹெச்ஐவி சட்டப்படி அந்த விவரம் ரகசியம். அதே சட்டத்துல 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற ஆஸ்பத்திரில இதுக்குன்னு ஒரு புகார் அலுவலர் இருக்கணும்னும் இருக்கு, நான் போன எந்த இடத்துலயும் நான் சொல்றதுக்கு முன்னாடி போட்டிருக்கல.

இந்த ஸ்டெப்ல நடக்கற பெரிய தப்பு, பாத்த இடத்துலயே திட்டறது. முதல் நாள் ஒருத்தரைத் திட்டினா ரெண்டாவது நாள் எல்லா ரெஜிஸ்டரும் பளிச்சுன்னு இருக்கும்.

4. எது முதல்லன்னு பிரிக்கறது

நோட்டுல நாற்பது அம்பது விஷயம் இருக்கும். மூணு கட்டா பிரிங்க: ஜெயில் அல்லது சீல், பணம், மானம். ஸ்கேன் ஃபார்ம், போதை மருந்துக் கணக்கு முதல் கட்டு. காப்பீட்டு பில்லிங், கமிஷன் ரெண்டாவது. வாட்ஸ்அப் குரூப்ல பேஷன்ட் பேரோட எக்ஸ்ரே போட்டோ போடறது மூணாவதுல ஆரம்பிச்சு ரெண்டாவதுக்கு வந்துட்டிருக்கு, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததால. முதல் கட்டுல இருக்கறதை கோட் எழுதற வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே சரி பண்ணுங்க.

5. இப்பதான் கோட் எழுதணும்

அளவு ஏழெட்டு பக்கம், தமிழ்ல. இங்கிலீஷ் காப்பி ஆடிட்டருக்கு வேணும்னா தனியா வெச்சுக்கோங்க. ஹவுஸ்கீப்பிங் அம்மாவுக்குப் புரியாத ஒண்ணுல அவங்ககிட்ட கையெழுத்து வாங்கினா அது நாளைக்கு விசாரணைலயும் நிக்காது.

"நேர்மையுடன் செயல்பட வேண்டும்" மாதிரி வரிகளை எழுதாதீங்க, அதை மீறினதா யாரையும் காட்ட முடியாது. நோட்டுல இருந்து நேரா சம்பவத்தை எடுங்க. நான் எழுதறது இப்படி இருக்கும்:

"டிஸ்சார்ஜ் ஆகறவங்க சந்தோஷத்துல 200 ரூபா குடுத்தா என்ன செய்யறது? வேண்டாம்னு சொல்லணும். கைல திணிச்சுட்டுப் போயிட்டா அந்த ஷிஃப்ட் முடியறதுக்குள்ள இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட குடுத்து அன்பளிப்பு நோட்டுல எழுதணும். ஸ்வீட் பாக்ஸ்னா வார்டுல எல்லாரும் பகிர்ந்துக்கலாம், நோட்டுல எழுதணும்."

ஸ்வீட் பாக்ஸை ஏன் விடறேன்னு கேட்டா, அதையும் தடை பண்ணின இடத்துல யாரும் எதையும் நோட்டுல எழுதல, அவ்வளவுதான்.

மருந்து கம்பெனி விஷயம் தனியா ஒரு பக்கம் வேணும். 2024 மார்ச்ல மத்திய அரசு வெளியிட்ட மருந்து மார்க்கெட்டிங் நெறிமுறைப்படி டாக்டருக்கோ குடும்பத்துக்கோ பரிசு, டூர், ஹோட்டல் கிடையாது. ஃப்ரீ சாம்பிளும் ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருஷத்துக்கு 12 பேக் வரைக்கும்தான், ஒரு பேக் மூணு பேருக்குத் தேவையான சிகிச்சை கோர்ஸோட டோஸைத் தாண்டக் கூடாது. இது கம்பெனிக்கான கணக்குன்னு விட்டுடாதீங்க, சாம்பிள் வந்தா எழுதற ரெஜிஸ்டர் உங்ககிட்டயும் இருக்கணும். 2022ல ஃப்ரீபீஸ் செலவுக்கு வரி விலக்கு கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து கம்பெனிங்க குடுக்கறதை எழுதி வெக்கறாங்க, அதே வருஷம் ஜூலைல இருந்து வருஷத்துக்கு 20,000 ரூபாக்கு மேல போற சலுகைக்கு 10 சதவீதம் டிடிஎஸ் வேற. அவங்க புக்ல உங்க டாக்டர் பேர் இருந்து உங்க புக்ல இல்லைன்னா பதில் சொல்ல வேண்டியது நீங்க.

ராத்திரி டியூட்டிக்கு ஒரு பகுதி எழுதுங்க, ஏன்னா ராத்திரி கேக்கறதுக்கு ஆள் இருக்காது. 18 வயசுக்குக் கீழ ஒரு பொண்ணு கர்ப்பமா வந்தா யாருக்கு போன் பண்றது? போக்சோ 19வது பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவிச்சே ஆகணும், தெரிவிக்காம விட்டவருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு. கருக்கலைப்புக்கு வந்த சிறுமியும் அவங்க கார்டியனும் கேட்டுக்கிட்டா, அந்த ரிப்போர்ட்ல சிறுமியோட பேரை டாக்டர் சொல்ல வேண்டாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. இதெல்லாம் டியூட்டி சிஸ்டர் ராத்திரி மூணு மணிக்கு கூகுள்ல தேட வேண்டிய விஷயமா இருக்கக் கூடாது. சட்டம் முழுசா வேண்டாம், எந்த நம்பருக்கு கூப்பிடணும்னு ஒரே வரி போதும்.

ரெக்கார்ட் கேட்டு வர்றவங்களுக்கு 72 மணி நேரத்துல குடுக்கணும்கறதையும், ஐபி (உள்நோயாளி) ரெக்கார்டை குறைஞ்சது 3 வருஷம் வெக்கணும்கறதையும் சேர்த்துக்கோங்க. "டாக்டர் சைன் பண்ணல"ன்னு பத்து நாள் இழுத்ததாலயே கன்ஸ்யூமர் கோர்ட் போன கேஸ் எனக்குத் தெரியும், சிகிச்சைல ஒரு தப்பும் இல்ல.

எழுதி முடிச்சதும் ஒரு அட்டெண்டர், ஒரு சிஸ்டர், ஒரு பில்லிங் ஆள், மூணு பேர்கிட்ட படிச்சுக் காமிங்க. எங்க சிரிக்கறாங்கன்னு பாருங்க. அந்த வரி நடைமுறைல இல்ல.

6. ட்ரெயினிங்குக்கு முன்னாடி புகார் வழி

பலரும் மாத்திப் போடறது இங்கதான். முதல்ல கூட்டம் போட்டு "தப்பு நடந்தா சொல்லுங்க"ன்னு சொல்லிடறாங்க, யார்கிட்ட எப்படின்னு பதினஞ்சு நாள் கழிச்சு யோசிக்கறாங்க. அந்தப் பதினஞ்சு நாள்ல சொல்ல நெனச்சவங்க மனசு மாறிடும்.

ஒரு போன் நம்பர், ஒரு பெட்டி. பெட்டி வெச்ச இடத்துல நான் ஒரு பெரிய கோட்டை விட்டேன். லாபில அழகா மாட்டி மூணு மாசம் ஆச்சு, ஒரு துண்டுச்சீட்டு வரல. எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு மீட்டிங்ல ரிப்போர்ட் வேற படிச்சேன். அப்புறம் ஒரு சிஸ்டர்தான் மெதுவா சொன்னாங்க, "மேடம், மேல பாருங்க". நேரா மேல சிசிடிவி. அதைப் பாக்கறவர் யார் மேல புகார் சொல்லணுமோ அவரோட மச்சான். பெட்டிய லேடீஸ் டிரஸ்ஸிங் ரூம் பக்கத்துக்கு மாத்தினேன், அந்த வாரமே நாலு சீட்டு.

பெட்டி சாவி ரெண்டு பேர்கிட்ட, ஒண்ணா சேர்ந்துதான் திறக்கணும். பேர் இல்லாத சீட்டையும் எடுத்துக்கோங்க. கையெழுத்தை வெச்சு யாருன்னு கண்டுபிடிக்கப் பாக்காதீங்க, கண்டுபிடிச்சாலும் சொல்லாதீங்க.

பாலியல் தொந்தரவு புகார் உங்க வேலை இல்ல, பிரிச்சு விட்டுடுங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா 2013 சட்டப்படி உள் புகார் குழு இருக்கணும், தலைமை சீனியர் பெண் ஊழியர், பாதிக்குக் குறையாம பெண்கள், வெளில இருந்து ஒரு உறுப்பினர். அது 90 நாள்ல விசாரணைய முடிக்கணும். குழு போடலைன்னா அபராதம் 50,000 ரூபா வரைக்கும். புகார் குடுக்கறவங்க ஊழியராத்தான் இருக்கணும்னு இல்ல, பேஷன்ட்கூட தங்கியிருக்கற பெண்ணும் குடுக்கலாம், இது பல குழு உறுப்பினருக்கே தெரியாது. வெளி உறுப்பினரா எம்டியோட ஃபேமிலி வக்கீலைப் போடறதுதான் எல்லாரும் பண்றது, அதுக்குப் போடாமயே இருக்கலாம்.

7. சொல்லிக் குடுக்கறது, கையெழுத்து வாங்கறது

இருபது நிமிஷம், ஷிஃப்ட் மாறற நேரத்துல, வார்டு வார்டா. ஆடிட்டோரியத்துல ஸ்லைடு போட்டா தூங்கத்தான் போறாங்க, நைட் முடிச்சு வந்தவங்க வேற. ஒரு வாரத்துக்கு ஒரே சம்பவம் எடுத்து "நீங்கன்னா என்ன செய்வீங்க"ன்னு கேளுங்க.

கன்சல்டன்ட்ங்க வர மாட்டாங்க. அவங்க ஒப்பந்தம் புதுப்பிக்கற தேதிதான் உங்களுக்குக் கெடைக்கற ஒரே வாய்ப்பு, கோட்ல கையெழுத்தை அந்தப் பேப்பரோட இணைச்சிருங்க. அதோட இன்னொரு ஃபார்ம், வெளில எந்த லேப், ஸ்கேன் சென்டர், ஃபார்மசில பங்கு இருக்குன்னு எழுதிக் குடுக்கறது. கான்ட்ராக்ட் கம்பெனிக்கும் அதே மாதிரி, ஒப்பந்தத்துலயே சேருங்க.

8. விசாரணை

புகார் வந்த அன்னைக்கே ஆதாரத்தை எடுத்து வெக்கணும். சிசிடிவி பல இடத்துல பதினஞ்சு முப்பது நாள்ல தானா அழிஞ்சிரும், அதனால முதல் போன் ஐடி ஆளுக்கு. அப்புறம் ரெஜிஸ்டர், அப்புறம் சாட்சி, புகாருக்கு ஆளானவர் கடைசில. பெரும்பாலானவங்க தலைகீழா செய்வாங்க, முதல்லயே அவரைக் கூப்பிட்டு "இப்படி ஒரு புகார் வந்திருக்கு"ன்னு கேட்டுடறாங்க. சாயங்காலத்துக்குள்ள ரெஜிஸ்டர்ல பக்கம் மாறியிருக்கும்.

வேலைய விட்டு நிறுத்தற அளவுக்குப் போச்சுன்னா சார்ஜ் மெமோ, விளக்கம், முறையான விசாரணை எதையும் தாண்டிக் குதிக்காதீங்க. தப்பு செஞ்சவரே லேபர் கோர்ட்ல ஜெயிச்சு பேக் வேஜஸோட திரும்பி வர்றது இந்தக் குறுக்கு வழியாலதான்.

ஒரு தடவை அட்டெண்டர் 300 ரூபா வாங்கினதுக்கு அவரை அன்னைக்கே அனுப்பிட்டு, அதே மாசம் பர்ச்சேஸ்ல பெரிய தொகை மாட்டினப்ப "வார்னிங் போதும்"னு முடிச்சாங்க. அதுக்கப்புறம் அந்த ஆஸ்பத்திரில பெட்டிக்கு ஒரு சீட்டும் வரல, நானும் ஆறு மாசத்துல கெளம்பிட்டேன்.

9. மாசா மாசம் பாக்கறது

எல்லாத்தையும் பாக்க முடியாது. கண்ணை மூடிட்டு பத்து ஃபார்ம் எஃப் எடுங்க, பத்து காப்பீட்டு பில் எடுங்க, ஷெட்யூல் ஹெச்1 (கட்டுப்பாடு அதிகமா இருக்கற மருந்துகள்) ரெஜிஸ்டர்ல பத்து வரிய எடுத்து பிரிஸ்கிரிப்ஷனோட ஒப்பிடுங்க, அந்த ரெஜிஸ்டர் 3 வருஷம் இருக்கணும். ஃபென்டனில், மார்ஃபின் காலி ஆம்ப்யூலை ஓடி ரெஜிஸ்டரோட எண்ணிப் பாருங்க, எண்ணறவரும் எழுதறவரும் வேற வேற ஆளா இருக்கணும்.

தேதிகளை போன்ல அலாரமா வெச்சிருங்க. பிசிபிஎன்டிடி ஸ்கேன் கணக்கு ரிப்போர்ட் ஒவ்வொரு மாசமும் 5ம் தேதிக்குள்ள. உயிரி மருத்துவக் கழிவு வருடாந்திர ரிப்போர்ட் ஜூன் 30க்குள்ள, 30 பெட்டோ அதுக்கு மேலயோ இருந்தா கழிவைக் கண்காணிக்கற குழு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூடின மினிட்ஸும் அதோட போகணும். ரெண்டு மினிட்ஸையும் ஜூன் 29 ராத்திரி ஒண்ணா டைப் பண்றவங்க, போன டிசம்பர் மீட்டிங்ல ஏப்ரல்ல வேலைக்குச் சேர்ந்தவர் கையெழுத்து வராம பாத்துக்கோங்க, நான் அதை ரெண்டு இடத்துல பாத்துட்டேன்.